லெபனான் வெங்காயம்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் அந்த அக்காவுக்கு மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு சொல்லைச் சேர்ப்பார். ஒன்று, "பார்த்தது" என்பார். இல்லாவிட்டால், "கேட்டது" என்பார்.

"அக்கரப்பத்தனையில உருளக்கெழங்கு வெல எறங்கிருச்சாம் தம்பி. கேட்டது."

"டயகம பஸ்சு பாலத்துக்கிட்ட நிக்கிது. டயர் போயிருச்சு. பார்த்தது."

ஒருமுறை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒரு சாவு. செத்தவர் பழைய கங்காணி. கூடியிருந்த பெண்கள், "தங்கமான மனுசன், ஒருத்தர அதிர்ந்து பேச மாட்டாரே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்த அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, தங்கமான மனுசன்" என்றார். பிறகு வாய்ப் பழக்கத்தில், "கேட்டது" என்று முடித்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்ளாத பெண் அங்கே இல்லை. செத்தவரின் மனைவியே தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார். அது அழுகையா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு பிரித்துப் பிரித்துப் பேசுகிற ஒருவருக்குத் தோட்டம் வைத்திருந்த பெயர் புளுகு அக்கா. நேரில் லெபனான் அக்கா, அவர் நாலடி நடந்ததும் புளுகு அக்கா. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அப்போதே அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட ஆள் இருக்கவில்லை. கணவர் இறந்துபோயிருந்தார். மகள் அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அந்தத் தோட்டக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறவன். இன்றைக்கும் அதே வேலைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. தராசைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச வேண்டிய அவசியம் இல்லை, அதனாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்தது. அந்த அக்கா பேசுவார், நான் பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்பேன். கடை முதலாளி சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து வம்பு பண்ணுவார். அப்படித்தான் எனக்கு அந்தப் பூவைப் பற்றித் தெரிய வந்தது.

லெபனானில், பெய்ரூத் நகரத்தில் அவர் வேலை செய்த வீட்டில் ஒரு வயதான மேடம் இருந்தாராம். மேடத்தின் தாய்வழி ஆட்கள் துருக்கிப் பக்கமாம். அந்த அம்மாவுக்கு டியூலிப் என்றால் உயிர். மாடி முகப்பில் சட்டி சட்டியாக வைத்திருப்பாராம். கிழங்கு நடுகிற காலத்தில் இருவரும் மண்ணைப் பிசைந்துகொண்டு உட்காருவார்கள். மேடம் கதை சொல்லுவார், இவர் கேட்டுக்கொள்வார். அந்தக் கதைகளைத்தான் இவர் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்.

"அந்தப் பூவ வெட்டித் தண்ணியில வச்சாலும் வளரும் தம்பி. காலையில பார்த்தா தண்டு ஒசந்திருக்கும். பார்த்தது."

"சூடு பட்டா விரியும், குளிர் பட்டா மூடிக்கும். கதவத் தொறந்து மூடுற மாதிரி. பார்த்தது."

"அந்தக் காலத்துல துருக்கி ராசா அரண்மனையில, ராத்திரி விருந்துக்கு ஆம முதுகுல மெழுகுவர்த்தி ஏத்தி, பூப் பாத்திக்குள்ள நடக்க விடுவாங்களாம். பூவெல்லாம் வெளிச்சத்துல தெரியணுமில்ல. இது கேட்டது."

முதலாளி மூட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமைக்கும் பெரட்டு உண்டா அக்கா? நம்ம ஆளுக மாதிரி காலையில வரிசையில நின்னு வேலைக்குப் பேர் குடுக்கணுமா?"

கடையில் நின்ற கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பால்மா வாங்க யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் நின்றிருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர். "பொறுங்கோ பாப்பம்" என்று சொல்லி, சிக்னல் கிடைக்கிற வாசற்படிக்குப் போய்க் கைபேசியைத் தட்டினார். திரும்பி வந்து, "ஓம், இஞ்ச கிடக்கு. ஆமையின்ர முதுகில மெழுகுதிரி வச்சு நடக்க விட்டவையாம். அவ சொன்னது சரிதான்" என்றார்.

"போன்லயும் புளுக ஆரம்பிச்சிட்டாங்களா சேர்?" என்றார் முதலாளி. ஆசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தச் சாட்சியும் போயிற்று.

எனக்கு ஆமையைவிட வேறொரு செய்திதான் மனதில் நின்றது. ஹொலண்ட் நாட்டில் ஒரு காலத்தில் ஒரே ஒரு கிழங்குக்காக வீட்டையே எழுதிக் கொடுத்தார்களாம். அதிலும் வரி வரியாகக் கோடு விழுந்த பூவுக்குத்தான் பெரிய விலை. ஆனால் அந்தக் கோடு ஒரு வியாதியாம், பூச்சி கடித்துப் பரவுகிற வியாதி. அது தெரியாமல் அதைத்தான் அழகு என்று வாங்கினார்களாம். "கேட்டது" என்று அக்கா முடித்தார். அன்று முழுவதும் எனக்கு அதே யோசனை. எங்கள் மலையில் கொழுந்தில் கொப்புள நோய் விழுந்தால் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கூடையையே கவிழ்த்துவிடுவார். அங்கே வியாதிக்கு வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். வியாதிக்கும் அழகுக்கும் வித்தியாசம் யார் கண்ணில் இருக்கிறது என்று நான் சீனியை நிறுக்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் சொன்னார்: "எல்லாரும் அத ஹொலண்ட் பூங்கிறாங்க. அதுக்குச் சொந்த ஊரு அது இல்லியாம். எங்கயோ பனி மலையில தானா கெடந்தத துருக்கிக்காரன் கொண்டு போயி, அவன்கிட்டருந்து வெள்ளக்காரன் கொண்டு போயிட்டானாம்."

"நம்மள இந்தியாவுலருந்து கொண்டாந்த மாதிரி" என்றார் பருப்பு வாங்க நின்ற ஒரு பெண்.

"நம்மள மலைக்கு ஏத்தினாங்க. அத மலையிலருந்து எறக்கிட்டாங்க. அவ்வளவுதான்" என்றார் அக்கா.

அவர் நாடு திரும்பியது ஓர் ஆடி மாதக் கடைசியில். மேடம் இறந்த பிறகுதான் விட்டார்களாம். மேடம் கோடையில் தோண்டிக் காயவைத்திருந்த கிழங்குகளில் ஒரு கை நிறைய எடுத்து, மகளுக்கு வாங்கிய சப்பாத்துகளுக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்த அன்று நடந்ததை லயமே பேசியது. மகள் தர்ஷினி சப்பாத்தை உதறினாள். கிழங்குகள் உருண்டன. "வெங்காயம் கொண்டாந்திருக்காங்க" என்று யாரோ சொன்னார்கள். லெபனான் வெங்காயம் என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். சப்பாத்து தர்ஷினியின் காலில் பாதிதான் நுழைந்தது. அம்மா போனபோது அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விடுகிற வயது. திரும்பி வந்தபோது பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அக்கா அங்கிருந்து நினைத்துப் பார்த்து வாங்கியிருக்கிறார். நினைப்பு சின்னதாகப் போய்விட்டது.

அதுவரை தர்ஷினியை வளர்த்தது பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மா. அம்மா வந்த பிறகு அவள் அம்மாவோடு ஒரே கூரைக்குள் இருந்தாள், ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டாள். ஆனால் அம்மா என்று கூப்பிடவில்லை. மற்றவர்களிடம் சொல்லும்போது 'அவங்க'. நேரில் எதுவும் இல்லை.

ஒருநாள் அவள் துணி துவைக்கச் சவர்க்காரம் வாங்க வந்தாள். அக்கா அப்போதுதான் போயிருந்தார்.

"மாமா, அவங்க சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க" என்றாள்.

நான் தராசைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் பண்ணி, அடுத்த தீபாவளிக்கு வந்திருவேன்னு சொல்லுவாங்க. நான் கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லுவேன். தீபாவளிக்கு முந்தின நாளு ரோட்டுல போயி பஸ்ஸையே பார்த்துக்கிட்டு நிப்பேன். கடைசி பஸ்சும் போனப்புறம் வருவேன். பொறகு நான் நிக்கிறதப் பார்த்தாலே புள்ளைங்க சிரிக்கும். எனக்கு ஆமக் கதையெல்லாம் வேணாம் மாமா."

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கிழங்குப் பையோடு அவர் கடைக்கு வந்த அன்று, மகள் தன்னை நம்பாததை அவரே சொன்னார். கடையில் குளிர்பானம் வைக்கிற கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் ஒன்று உண்டு. கிழங்கை அதில் மார்கழி வரைக்கும் வைக்க வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

"நம்ம ஊரு குளிர் அதுக்குப் பத்தாது தம்பி. நல்லாக் குளிருல தூங்கி எந்திரிச்சாத்தான் பூக்கும். ஒரு பூ வந்தாப் போதும். நான் சொன்னதுல ஒண்ணயாவது அவ கண்ணால பார்க்கணும். ஒண்ணு நெசம்னு தெரிஞ்சா, பொறகு என் மொகத்தப் பார்த்துப் பேசுவா."

முதலாளி மூட்டைமேலிருந்து கேட்டார்: "பூக்கிற கெழங்க யாராவது பிரிட்ஜுக்குள்ள பூட்டி வைப்பாங்களா? செத்துராது?"

"பூவு இப்பவே உள்ளதான் இருக்குண்ணே."

"உள்ளயா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அக்கா என்னிடம் சவர்க்காரம் வெட்டுகிற கத்தியைக் கேட்டார். பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப் பலகையில் வைத்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்தார். வெங்காயம் மாதிரியே அடுக்கடுக்காக இருந்தது. நடுவில், எல்லா அடுக்குக்கும் உள்ளே, நெல் அளவில் வெளிர் மஞ்சளாக ஏதோ நின்றது. அவர் சேலையில் குத்தியிருந்த ஊசியால் அதைத் தொட்டுக் காட்டினார். இதழ் இதழாக, குட்டியாக, முழுப் பூவின் வடிவம். நான் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். முதலாளி எழுந்து வரவில்லை.

"ஒண்ண வீணாக்கிட்டியே" என்றார்.

"புளுகுன்னு சொல்றதக் கேட்டுக்கிட்டு சும்மா போறதுக்கு, ஒண்ணு போனாப் பரவால்லண்ணே."

அப்படிப்பட்டவர் அவர். இருந்தது ஒரு கைப்பிடிக் கிழங்கு. அதற்காகத் தன் பெட்டியில் சேலையைக் குறைத்துக்கொண்டவர். ஆனாலும் ஒரு சொல்லுக்காக ஒன்றைப் பிளந்துவிட்டார். அந்த ஊசியைப் பிடித்திருந்த கையை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

வெட்டிய பாதிகளைப் பார்த்து முதலாளிக்கு மனம் கொஞ்சம் இளகியது என்றுதான் நினைக்கிறேன். "தயிர் தட்டுக்குக் கீழ வையி" என்றார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வந்து பையைத் திறந்து, கிழங்குகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். தீபாவளிக்கு முன்னால் முதலாளி நுவரெலியாவிலிருந்து ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்து அதே தட்டில் அடுக்கினார். அந்த வாரம் அக்கா பிரிட்ஜைத் திறந்தவர் கத்தியே விட்டார்.

"ஐயோ அண்ணே! ஆப்பிளப் பக்கத்துல வைக்காதீங்க. ஆப்பிள் மூச்சு விடும். அந்த மூச்சு பட்டா உள்ள இருக்க மொட்டு கருகிப்போகும்."

அன்று கடை சிரித்த சிரிப்பு ஆமைக்குக்கூடச் சிரிக்காத சிரிப்பு. முதலாளி ஓர் ஆப்பிளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். ஒருத்தி அதைத் தன் காதில் வைத்து, "தூங்குது, கொறட்ட கேக்குது" என்றாள்.

அக்கா அப்போதும் பிரித்துத்தான் சொன்னார். "மூச்சு விடும்ங்கிறது கேட்டது. ஆனா மேடம் பிரிட்ஜுல ஆப்பிளும் கெழங்கும் ஒண்ணா வைக்க விடவே மாட்டாங்க. அது பார்த்தது."

அவர் போனதும் நான் ஆப்பிள்களை எடுத்து வெளித் தட்டில் அடுக்கினேன். தீபாவளிக்கு வலப்பனையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், முதலாளி மறுபடியும் உள்ளே அடுக்கியிருந்தார், பையோடு ஒட்டி. திரும்பவும் வெளியே வைத்தேன். இடையில் எத்தனை நாள் அவை ஒன்றாக இருந்தன என்று தெரியாது.

மார்கழியில் அக்கா கிழங்குகளை எடுத்துப்போய்த் தன் இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் முட்டைக்கோவாப் பாத்தி ஓரத்தில் நட்டார். அந்தத் தை மாதம் பனி கொட்டியது. காலையில் எழுந்தால் புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குச் செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துச் சாய்ந்தன. லெபனான் வெங்காயம் மட்டும் தடித்த இலையை விரித்துக்கொண்டு நின்றது. அரிசி மூட்டை கொண்டுபோகிற சாக்கில் நான் அடிக்கடி அந்தப் பக்கம் போனேன். பேச்சு வராவிட்டாலும் பார்ப்பதற்குத் தடை இல்லையே.

ஒவ்வொரு இலைச் சுருளும் பிரியும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே பார்ப்பார். இலைக்குள் இலை, அதற்குள் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் ஒன்றும் இல்லை. சிலவற்றில் நடுவே காகிதம் கருகியதுபோல ஒரு துரும்பு இருந்தது. லயத்துப் பெண்கள் வந்து, "சம்பலுக்கு நல்ல வெங்காயத் தாளு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அக்கா ஆப்பிளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கடைசியில், சுவர் நிழலில் இருந்த ஒன்றில் மட்டும் பச்சை மொட்டு ஒன்று மேலே வந்தது. மாசி பிறந்தபோது அதன் ஓரம் சிவந்தது. "இது செவப்பு. விரிஞ்சா அடியில கறுப்பா இருக்கும்" என்றார் அக்கா. "மேடம் ஊர்ப் பக்கம் அத எரிஞ்சுபோன நெஞ்சும்பாங்களாம். ஒருத்தர நெனச்சு நெனச்சு எரிஞ்சது. கேட்டது."

தர்ஷினி அந்தப் பாத்தியைப் பார்க்காதவள்போலத்தான் பள்ளிக்கூடம் போவாள், வருவாள். ஆனால் ஒரு காலையில் ஒரு கோழி பாத்திக்குள் காலை வைத்தபோது, அவள் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வீசி எறிந்து விரட்டினாள். பிறகு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "கோவாவக் கிண்டுது மாமா" என்றாள்.

அந்த மாசியில் அம்மன் கோயில் திருவிழா. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரகக் குடத்தைச் சோடித்துப் பாலிக்கிற நாள் விடிந்ததும் மேல் லயத்துப் பெண் பிள்ளைகள் கூடையோடு வீடு வீடாக வந்து பூப் பறிப்பார்கள். அம்மனுக்குப் பறிக்கிற பூவுக்கு வீட்டுக்காரரைக் கேட்கக் கூடாது. வீட்டில் அந்த வருடம் புதிதாகப் பூத்தது எதுவோ, அது கட்டாயம் போக வேண்டும். அதை மறைப்பது பெரிய குற்றம். பறித்தால் அந்த வீட்டுக்கு நல்லது.

அன்று நான் கோயிலுக்குச் சூடமும் தேங்காயும் கொண்டு அந்த வழியாகப் போனேன். அக்கா பீலியிலிருந்து தண்ணீர் வாளியோடு வந்து பாத்திக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மொட்டு இருந்த இடத்தில் தண்டின் அடி மட்டும் நின்றது. நகத்தால் கிள்ளிய இடத்தில் சாறு கசிந்திருந்தது.

தர்ஷினி உள்ளேயிருந்து வந்தாள். ஒருமுறை பார்த்தாள்.

"சாமிக்குத்தானே கொண்டு போயிருக்காங்க" என்றார் அக்கா. "இன்னும் விரியலியே. நீ பார்க்கலியே."

"நல்லதாப் போச்சு" என்றாள் தர்ஷினி. "இனிமே பூக்கலன்னு சொல்ல வேண்டியதில்ல. பறிச்சிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார். போகும்போது தனக்குத்தானே, "வெட்டினாலும் வளரும்" என்று சொல்லிக்கொண்டார். நான் பின்னால் போனேன். சற்றுப் பொறுத்து, அர்ச்சனைத் தட்டோடு தர்ஷினியும் வந்தாள்.

எங்கள் கோயில் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். கருவறையில் ஒரு ஆள் நிற்கலாம். திரையைப் போட்டு, உள்ளே வரிசையாக விளக்கு ஏற்றி, அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. வெளியே மூடுபனி. தப்படிக்கிறவர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

திரையை விலக்கியதும் முன்னால் நின்ற பெண் பிள்ளை ஒன்று வீறிட்டது. "நான் பறிச்சப்ப மூடி இருந்திச்சு! மூடி இருந்திச்சு!"

புதுப் பூ என்பதால் பூசாரி அதைத் தனியாக ஒரு செம்பில் தண்ணீர் விட்டு, அம்மனின் காலடியில் விளக்குகளுக்கு நடுவே வைத்திருந்தார். அது உள்ளங்கை அளவுக்கு விரிந்து கிடந்தது. நல்ல சிவப்பு. நடுவில் கறுப்பு. பெண்கள் குலவை இட்டார்கள். தப்பு முழங்கியது. கோயில் கமிட்டித் தலைவர் எங்கள் முதலாளிதான். அவர் கூட்டத்தில் தேடி, அக்காவைக் கண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"ஒங்கையால வளந்த பூவு தங்கச்சி. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. முன்னால வா. இன்னைக்கு மொதத் தட்டு ஒனக்குத்தான்."

கூட்டம் வழி விட்டது. புளுகு அக்கா என்று கூப்பிட்ட அத்தனை வாயும் அவரைப் பார்த்துக் கும்பிட்டன. பேசாமல் நாலடி முன்னால் போயிருந்தால் போதும். அன்றோடு அந்தப் பெயர் ஒழிந்திருக்கும்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அண்ணே, அது வெளக்குச் சூடு" என்றார். "சூடு பட்டா அந்தப் பூவு விரியும். வெளிய குளிருல வச்சா மூடிக்கும். பார்த்தது."

தப்பு நின்றது. முதலாளியின் முகம் கறுத்தது. "இத்தன நாளும் புளுகின. இன்னைக்கு ஆத்தாவே ஒண்ணக் காட்டுறப்ப, அத இல்லங்கிறியா?"

"ஆத்தா இல்லன்னு நான் சொல்லலண்ணே. பூவு விரிஞ்சது சூட்டுல."

"வாய மூடு!"

அப்போது தர்ஷினி தட்டை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். "பூசாரி தாத்தா, அந்தச் செம்ப இப்படிக் குடுங்க" என்றாள்.

பூசாரி முதலாளியைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்தார். அவருக்கும் அறிய ஆசை வந்துவிட்டது என்று அந்த முகமே சொன்னது. செம்பை எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதை வெளியே, தேங்காய் உடைக்கிற கல்லின் மேல் வைத்தாள். பனி அதன் மேல் படிந்து நகர்ந்தது. அம்மாவை மெய்யாக்கப் போனாளா, எல்லார் முன்னாலும் பொய்யாக்கப் போனாளா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். கல்லுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, பூவின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் சலசலப்பு. ஒருவர் பீடி பற்றவைத்தார். ஒரு கிழவர், "கரகத்துக்கு நேரமாகுது" என்றார். பிறகு அவரும் பேசவில்லை. ஒரு பூவைச் சுற்றி அத்தனை பேர் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"மூடுது" என்றது ஒரு குழந்தை.

ஓர் இதழ் நிமிர்ந்திருந்தது. எப்போது நிமிர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அதற்கு எதிர் இதழும் சற்று எழுந்திருந்தது. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. எல்லா இதழ்களும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டபோது, குமிழ்போல மூடி, காலையில் செடியில் நின்றது போலவே நின்றது.

பூசாரிதான் முதலில் வாய் திறந்தார். "சரி, ஆத்தாளுக்குக் குளிருதுபோல. உள்ள குடு தாயி" என்றார். அதைக் கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். செம்பு உள்ளே போயிற்று. பூசை தொடங்கியது.

தர்ஷினி கல்லுக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அக்கா அவளருகில் போய் நின்றார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"அடுத்த தீபாவளிக்கு வர்றேன்னு சொன்னீங்களே" என்றாள் தர்ஷினி, நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்து. "அது பார்த்ததா, கேட்டதா?"

"ரெண்டும் இல்ல" என்றார். "அது பொய்யி."

"சொல்றப்பவே தெரியுமா?"

"தெரியும். பாஸ்போட்டு மேடத்தோட மகன்கிட்ட இருந்திச்சு. விட மாட்டாங்கன்னு தெரியும்."

"அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க?"

"போன வைக்கிறதுக்கு எனக்கு வேற வார்த்த வரல."

உள்ளே மணி அடித்தது. தர்ஷினி எழுந்து பாவாடையில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டினாள். என்னிடமிருந்து தட்டை வாங்கினாள். "வாங்க, சூடம் காட்டப் போறாங்க" என்றாள். அவள் அம்மா என்று சொன்னாளா என்றால், நான் கேட்கவில்லை. ஆனால் பூசை முடியும்வரை இரண்டு பேரும் ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது பார்த்தது. விளக்குகளுக்கு நடுவே பூ மறுபடியும் விரிந்துகொண்டிருந்தது.

பரீட்சை முடிந்த பிறகு அவர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். நுவரெலியாப் பக்கம் ஒரு பூத்தோட்டத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்ததாகவும், நன்றாக இருக்கிறார் என்றும் சொல்கிறார்கள். கேட்டதுதான். நான் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆவணியில் தர்ஷினி பெரியம்மாவைப் பார்க்க வருகிறாள். வரும்போது ஒரு துணிப் பை கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் பிரிட்ஜைத் திறந்து, தயிர் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறாள். மார்கழியில் பெரியம்மா நட்டால், மாசியில் அவற்றில் ஒன்று அம்மனுக்கு. விளக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம், தேங்காய்க் கல்லில் கொஞ்ச நேரம் என்று பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பூசாரி திட்டிக்கொண்டே செம்பை எடுத்துக் கொடுக்கிறார்.

போன வாரம் கீழ் லயத்துக்குக் கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஆப்பிள் கேட்டாள். வெளித் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "பிரிட்ஜுல எடம் இருக்கே அண்ணே, ஏன் வெளிய வச்சு வாட விடுறீங்க?" என்று கேட்டாள்.

முதலாளி மூட்டைமேல் இருந்து என்னைப் பார்த்தார். நான் தராசிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

"ஆப்பிள் மூச்சு விடும்மா" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கடைக்கு வெளியே நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். என் காது சூடாகிவிட்டது. என்றாலும் மீதியையும் சொல்லி முடித்தேன்.

"மூச்சு விடுறது கேட்டது. மொட்டு கருகிப்போனது பார்த்தது."